கண்டோர் இயல்

பாயிரம்

கும்பகோணம் தொடங்கி மன்னார்குடி வரை, இன்று அறுபத்தைந்தைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் 1975 ஜனவரி 11, சனிக்கிழமையன்று சேப்பாக்கம் மைதானத்தில் இருந்திருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அத்தனை பேரும் அன்று ஊரில் இல்லையென்றால், மார்கழிக் கடைசியில் முற்றி நின்ற சம்பாவுக்குக் காவல் இருந்தது யார், விடியற்காலை பஜனைக்கு ஜால்ரா தட்டியது யார், கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டது யார் என்று ஐயம் எழுகிறது. அந்த ஐயம் நீங்கவே இந்நூல்.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம். வெஸ்ட் இண்டீஸுடன் நான்காவது டெஸ்ட். பெங்களூரிலும் தில்லியிலும் தோற்று, கல்கத்தாவில் மட்டும் ஜெயித்துச் சென்னை வந்து சேர்ந்திருந்தது இந்தியா. கவாஸ்கர் காயம்பட்டு வெளியே. கேப்டன் பட்டௌடிக்கு அதுவே கடைசித் தொடர். ஆண்டி ராபர்ட்ஸ் போட்ட போட்டில், ஸ்கோர் நூறைத் தொடுமுன்பே பாதிக்கு மேல் பெவிலியன் திரும்பிவிட்டது. ஒரு முனையில் ஜி.ஆர்.விஸ்வநாத் நின்றார். குட்டை உருவம், ஹெல்மெட் இல்லாத காலம். வேகம் கூடக்கூட அவர் கட் செய்துகொண்டே இருந்தார். கடைசி ஆள் சந்திரசேகர் ராபர்ட்ஸிடம் அவுட்டானபோது விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. அணியின் மொத்தம் 190. மற்ற பத்துப் பேரும் உதிரிகளும் சேர்ந்து கொண்டுவந்தது 93. ராபர்ட்ஸுக்கு 64 ரன்னுக்கு 7 விக்கெட். பிறகு பிரசன்னாவும் பேடியும் சுழற்ற, இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துத் தொடர் 2-2 ஆனது. பம்பாயில் கோட்டை விட்டது வேறு கதை. 2001-இல் விஸ்டன் உலகின் தலைசிறந்த 100 டெஸ்ட் இன்னிங்ஸ்களைப் பட்டியலிட்டபோது, சதம் இல்லாத இந்த 97-க்கும் அதில் இடம் தந்தது.

இதெல்லாம் ஸ்கோர் கார்டில் கிடக்கிறது. கண்டோர் கிடைப்பதில்லை, அவர்களை நாம்தான் வகுக்க வேண்டும்.

திருவாவடுதுறை, தருமபுரம் என்று இரண்டு சைவ ஆதீனங்கள் உள்ள சீமை இது. அறிவு வரும் வழி காண்டல், கருதல், உரை என மூன்று என்பது சித்தாந்தம் படித்தோர் கொள்கை. விஸ்வநாத்தைக் கண்டோரும் இந்த மூன்றில் அடங்குவர். வரிசையை மட்டும் மாற்றி, கருதலைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். கூட்டம் அங்கேதான் அதிகம். முன்னால் விட்டால் மற்றவர்களுக்கு இடம் இருக்காது.

இப்படி வகுப்பது புதிதா என்றால், புதிதன்று. இந்த மண்ணில் முந்தைய தலைமுறை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடியைக் கேட்டோர் என்று ஒரு பெருங்கணத்தை விட்டுச் சென்றது. பிள்ளை 1956 டிசம்பரில் காலமானார். கேட்டோர் தொகை அதன் பிறகுதான் வளர்ந்தது. எங்கள் ஊர் உற்சவத்தில் விடிய விடிய வாசித்தார் என்று சொல்லாத ஊர் காவிரியின் இரு கரையிலும் கிடையாது. அத்தனை விடியலையும் கூட்டிப் பார்த்தால் அவர் தூங்கிய இரவே இல்லை என்றாகும். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளே பின்னாளில் விஸ்வநாத்தைக் கண்டோர் ஆனார்கள் என்பதால், இது ஒருவகையில் பரம்பரைச் சொத்து.

காண்டல்

காண்டலாவது, உடம்பைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தல். இதில் உண்மையானவர்கள் உண்டு, குறைவு. அவர்களைப் பிரித்தறியச் சில சோதனைகள்.

எந்த ஸ்டேஷனில் இறங்கினீர்கள் என்று கேட்க வேண்டும். எழும்பூர் என்றால் ஏற்கலாம். மெயின் லைன் மீட்டர்கேஜில் ராத்திரி முழுக்க மாயவரம், சிதம்பரம், விழுப்புரம் என்று உட்கார்ந்தபடி வந்து, கரிப்புகை அப்பிய முகத்தோடு எழும்பூரில் இறங்கி நடந்தவர் அவர். "சேப்பாக்கம் ஸ்டேஷன்லயே இறங்கிட்டேன், எதிரேதானே கிரவுண்டு" என்பாரை அன்போடு கருதல் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டும். என்னை? பறக்கும் ரயில் சேப்பாக்கத்துக்கு வந்தது 1995-இல். இருபது வருஷம் முன்னதாக இறங்கியவர் எப்படி நடந்து போயிருந்தாலும் ஆட்டத்துக்கு நேரமாகியிருக்காது.

இரண்டாவது சோதனை மூக்கு. மைதானத்தை ஒட்டிப் பக்கிங்ஹாம் கால்வாய். காற்று திரும்பினால் கேலரியில் கைக்குட்டை ஏறும். உண்மையில் போனவர் அரை நூற்றாண்டு கழித்தும் கால்வாயை விட்டுவிட்டு அந்த நாளைப் பேச மாட்டார். போகாதவர் நினைவில் கடற்காற்று மட்டும் சிலுசிலுவென்று வீசும்.

மூன்றாவது, மூட்டை. டெல்டாவிலிருந்து ஒருவர் வெளியூர் போய் ஒருநாள் முழுக்க உட்கார்ந்தார் என்றால் கட்டுச்சோறு இல்லாமல் போயிருக்க முடியாது. புளியோதரையா எலுமிச்சம்பழச் சாதமா, வாழை இலையிலா மந்தாரை இலையிலா, யார் பங்கில் அப்பளம் நமுத்தது என்ற விவரங்கள் தயங்காமல் வந்தால் அவர் காண்டலார். லஞ்சுக்கு முன் எத்தனை விக்கெட் போயிற்று என்பதில் அவர் தடுமாறலாம். அது குற்றமன்று. சோற்றில் தடுமாறினால் குற்றம்.

இந்த மூன்றிலும் தேறியவர்களிடம் ஒரு வினோதம் உண்டு. அவர்களுக்கு ஷாட் எதுவும் நினைவில்லை. கும்பகோணத்துக் காபிக் கடை ஒன்றில் கேட்ட சம்வாதம் இதற்கு உதாரணம்.

"ஸ்கொயர் கட் எப்படி இருந்துது மாமா?"

"எனக்கு முன்னாடி ஒருத்தன் குடை பிடிச்சுண்டு உக்காந்திருந்தான்டா. பந்து போறதுக்குள்ள அவன் எழுந்துட்டான். அவன் உக்கார்றதுக்குள்ள ஃபோர்."

"அப்ப எதைத்தான் பாத்தேள்?"

"சந்திராவைப் பாத்தேன்."

இதுதான் காண்டலாரின் அசல் முத்திரை. சந்திரசேகர் 58 டெஸ்டில் எடுத்தது 242 விக்கெட். அடித்தது 167 ரன். எடுத்த விக்கெட்டை விட அடித்த ரன் குறைவான மனிதர். அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும் மைதானமே வேறு ஆட்டத்துக்கு மாறிவிட்டது என்கிறார்கள். விஸ்வநாத் ஆடும்போது மூச்சு விட்டார்கள். சந்திரா ஆடும்போது பிடித்துக்கொண்டார்கள். பந்து மட்டையில் படாமல், ஸ்டம்பிலும் படாமல், விக்கெட் கீப்பர் டெரிக் மர்ரியின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் அதற்கொரு கைதட்டல். கவரில் பறந்த ஃபோருக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். விஸ்வநாத்தின் கலையைக் காண ஒரு ராத்திரி ரயிலில் வந்தவர்கள் கடைசியில் கண்ணில் ஏற்றிக்கொண்டு போனது சந்திரசேகர் தப்பித்ததைத்தான். இதைச் சொல்ல அவர்களுக்கு வெட்கம் இல்லை. நமக்கும் வேண்டியதில்லை.

காண்டலாருக்குள் ஓர் உட்பிரிவு, பாதிக் காண்டலார். டிக்கெட் கிடைக்காமல் வாலாஜா சாலையில் நின்று சத்தத்தை மட்டும் பார்த்தவர்கள். இவர்களைக் காண்டலில் சேர்ப்பதா உரையில் சேர்ப்பதா என்பது வழக்கில் இருக்கிறது.

உரை

உரையாவது, ஆப்த வாக்கியம். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டல். 1975-இல் நம்பத்தக்கவர் ஆகாசவாணி. இந்நூலாசிரியன் இந்தப் பிரிவைச் சேர்ந்தவன். ஆகவே இங்கே சற்று அதிக நேரம் உட்கார்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் உட்பிரிவு பத்தாயத்தார். நெல் கொட்டும் பத்தாயத்தின் மேல் வால்வு ரேடியோ இருக்கும். அதற்குக் குரோஷா பின்னல் போட்ட உறை. தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டியிருப்பார்கள். வால்வு சூடாகும்வரை காத்திருந்து, முள்ளை ஒரு மயிரிழை இந்தப் பக்கம் ஒரு மயிரிழை அந்தப் பக்கம் திருப்பினால், கொர்ரென்ற இரைச்சலுக்குள்ளிருந்து சேப்பாக்கம் மெல்ல எழும். வர்ணனை ஆங்கிலத்தில். 1954-55-இல் சென்னைக்கு முதல் ரஞ்சிக் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் பாலு அழகணன் போன்றவர்கள் பின்னர் மைக் முன் அமர்ந்து வளர்த்த பாணி அது: அவசரப்படாத, நல்ல வீட்டு ஆங்கிலம். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது முழுக்கப் புரியாது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவன் அதைத் தமிழில் சொல்வான். சொல்லும்போது பந்தை இரண்டு கெஜம் கூடுதலாக விரட்டுவான். இப்படி வர்ணனையாளர் ஒரு பங்கு, இரைச்சல் ஒரு பங்கு, பையன் ஒரு பங்கு என மூவர் சேர்ந்து கட்டிய விஸ்வநாத், சேப்பாக்கத்தில் நின்ற விஸ்வநாத்தைவிட அரையடி உயரமாகவே இருந்திருப்பார்.

இரண்டாவது அடுக்களையார். இதில் பெண்கள். எந்த ஆய்விலும் இவர்களைச் சேர்ப்பதில்லை, பெரும் பிழை. ரேடியோ கூடத்தில், இவர்கள் அடுப்படியில், நடுவில் ஒரு கதவு. ஆட்டத்தின் விதி தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. கும்பகோணத்தில் மகாமகக் குளக்கரைக் காசி விஸ்வநாதர் பெயர் என்பதால் அந்த ஆட்டக்காரன் பேரில் ஒரு பாந்தவ்யம், அவ்வளவுதான். பாட்டி மோர் கடைந்துகொண்டே அரைமணிக்கு ஒருதரம் உள்ளேயிருந்து கேட்பாள்: "அந்தப் பிள்ளை இன்னும் இருக்கானாடா?" இருக்கான் என்று பதில் போகும். மத்து மறுபடி சுற்றும். கிரிக்கெட்டைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை எந்த நிபுணரும் அன்று கேட்டிருக்க முடியாது. எத்தனை ரன் என்பது அன்றைக்குப் பேச்சில்லை. இருக்கிறானா என்பதுதான் பேச்சு.

மூன்றாவது களத்தார். முன்பட்டத்துச் சம்பா அறுத்துக் களத்தில் அடிப்பு நடக்கிறது. பண்ணை வீட்டுப் பிள்ளை கணக்குப் பார்க்க வந்திருக்கிறான், தோளில் டிரான்சிஸ்டரை மாட்டிக்கொண்டு. கூலி நெல்லை மரக்காலால் அளந்து போடும்போது எண்ணிச் சொல்ல வேண்டியது அவன் வேலை. எட்டு விக்கெட் போன பிறகு அவன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். பேடி நின்ற வரையிலும், அவர் போய்ச் சந்திரா நின்ற வரையிலும், அளந்தவர் கை நிற்கவில்லை. அன்றைக்குச் சில கோணிகள் வழக்கத்தைவிடக் கனமாக வீடு போய்ச் சேர்ந்தன. விஸ்வநாத்தின் 97-ஆல் நேரடியாகப் பயன் பெற்ற ஒரே வகுப்பார் இவர்களே. ராபர்ட்ஸ் யார், எந்த நாட்டான் என்று இவர்களுக்குக் கவலை இல்லை. "விஸ்வநாத் நல்ல மனுஷன்" என்று இன்றும் சொல்வார்கள். நற்சான்று என்றால் அதுதான்.

ரேடியோக் கடை வாசலில் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிய ஸ்கோரை நின்று பார்த்தவர்களைப் பலகையார் என்போம். இவர்களுக்கு இன்னிங்ஸ் என்பது அழித்து அழித்து எழுதிய எண். எண்பதிலிருந்து தொண்ணூறுக்கு இடையில் என்ன நடந்தது என்று இவர்களைக் கேட்டால், "டஸ்டர் நடந்தது" என்பார்கள். மறுநாள் ரயிலில் வந்த பேப்பரில் படித்தவர்களும் இந்தப் பிரிவில் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்ததை அப்படியே ஒப்பிப்பார்கள்.

இனி, காண்டல், உரை இவற்றுள் எது உயர்ந்தது? காண்டலே என்பாரும் உளர். அஃது அமையாது. காண்டலாருக்கு முன்னால் குடைக்காரன் இருந்தான். உரையாருக்கு மறைப்பு எதுவும் இல்லை. தாங்களே மைதானம் அமைத்து, தாங்களே ஸ்லிப்பில் ஆள் நிறுத்தி, அந்தச் சின்ன உருவத்தைத் தாங்களே கால் மாற்றி நிற்க வைத்து, பந்தை பாயிண்ட் பக்கம் அனுப்பினார்கள். அந்த உழைப்பு வீண்போகாது. அவர்கள் கட்டியதைத் திருத்தப் பின்னால் எந்தப் படமும் வரவுமில்லை. அதனால்தான் ஐம்பது வருஷம் கழித்தும் உரையார் நினைவில் ஒரு கட் கூட மங்கவில்லை. காண்டலாரிடம் புளியோதரை எஞ்சியிருக்கிறது.

கருதல்

கருதலாவது அனுமானம். புகை கண்டவிடத்து நெருப்பு உண்டு என்பது போல, 97 என்ற எண் இருக்கிறது, நானும் அப்போது இருந்தேன், ஆகவே நான் பார்த்தேன் என்று முடிவு கட்டுதல். இது பொய்யன்று. பொய் சொல்பவனுக்குத் தான் சொல்வது பொய்யென்று தெரியும்.

இவர்களில் டி.வி.யார் முதல். "எங்க தெருவில மொத டி.வி. அவா ஆத்துலதான். ஜன்னலைப் பிடிச்சுண்டு பாத்தோம்." ஜன்னல் உண்மை. கம்பியின் துரு கையில் ஒட்டியதும் உண்மை. ஆனால் சென்னைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பைத் தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15-இல். விஸ்வநாத் ஆடி ஏழு மாதம் கழித்து. அதுவும் டெல்டாவை எட்டவில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தார் மொட்டைமாடியில் உயரமாகக் கம்பம் நட்டு இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தது 1982-க்குப் பிறகு. ஆக ஜன்னல் வழியாக இவர்கள் பார்த்தது வேறு யாரையோ.

இவர்களுக்கு அண்டை வீட்டார் ஸ்போர்ட்ஸ்டார் வகையார். அந்த வாரத்துப் பத்திரிகையின் நடுப்பக்கப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன் என்பார்கள். அந்தப் பத்திரிகை பிறந்தது 1978-இல்.

பொங்கலன்று அடித்தார் என்போர் ஒரு பெரிய சாகை. சேப்பாக்கத்து ஆட்டத்துக்கு அப்போது பொங்கல் டெஸ்ட் என்றே பெயர். கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டோம், பால் பொங்கும்போது ஃபோர் போயிற்று என்று இவர்கள் சொல்வது காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த இன்னிங்ஸ் முதல் நாளோடு முடிந்தது. போகிக்கே இன்னும் இரண்டு நாள் இருந்தது. இவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டாம். சொன்னால் காலண்டர் தவறு என்பார்கள்.

கலப்பினத்தார் சற்று நுட்பமானவர்கள். விஸ்வநாத் சேப்பாக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். 1979 ஜனவரியில் மீண்டும் வெஸ்ட் இண்டீஸுடன் 124. அந்த டெஸ்டும் இந்தியாவுக்கு வெற்றி. 1982 ஜனவரியில் இங்கிலாந்துடன் 222. யஷ்பால் சர்மாவும் அவரும் ஒருநாள் முழுக்க விக்கெட் விழாமல் ஆடினார்கள். கலப்பினத்தார் இந்த மூன்றையும் ஒன்றாக அரைத்து, ராபர்ட்ஸ் பந்தில் யஷ்பால் சர்மா துணை நிற்க விஸ்வநாத் நாள் முழுக்க ஆடியதாகச் சொல்வர். மூன்று நல்ல நாளை ஒரே நாளாக்கியது லாபமா நஷ்டமா என்பதை அவரவர் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

சங்கீதக் கருதலார் இந்தச் சீமைக்கே உரியவர்கள், வேறெங்கும் விளைவதில்லை. லேட் கட்டை மந்தர ஸ்தாயி என்பார்கள், ஸ்கொயர் கட்டைப் பிருகா என்பார்கள். சந்திரா நின்ற நேரம் தனி ஆவர்த்தனமாம். கவாஸ்கர் பாடாந்தரம் சுத்தமானவர், விஸ்வநாத் மனோதர்மக்காரர் என்று தீர்ப்புச் சொல்லி வெற்றிலையைத் துப்பப் போவார்கள். இவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்களா என்று கேட்பது அநாகரிகம். செம்மங்குடி பாடக் கேட்ட காதுக்கு விஸ்வநாத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

கடைசியாகப் பிறவாதார். 1975-க்குப் பின் பிறந்து, அப்பா சொல்லக் கேட்டு, அப்பாவின் இடத்தில் தாமே உட்கார்ந்துகொண்டவர்கள். இவர்கள் சாட்சியம்தான் எல்லாவற்றிலும் தெளிவு. கால்வாய் நாற்றம்கூடச் சரியாக வரும்.

இதெல்லாம் நம்மவர் குணம் என்று யாரும் குறைபட வேண்டாம். அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம். 1932 அக்டோபர் 1-ஆம் தேதி சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் பேப் ரூத் என்ற பெரும் ஆட்டக்காரர், பந்து வருமுன் கையை நீட்டி இன்ன இடத்துக்கு அடிக்கப்போகிறேன் என்று காட்டிவிட்டு அங்கேயே அடித்தார் என்பது அவர்கள் புராணம். காட்டினார் என்று ஒரு கட்சி. எதிரணியைப் பார்த்துச் சும்மா கையை ஆட்டினார் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியிலும் நேரில் கண்டவர்கள் இருந்தார்கள். பார்க்க வந்த ஒருவர் எடுத்த படச்சுருள் பின்னாளில் கிடைத்தும் வழக்குத் தீரவில்லை. நமக்குப் படச்சுருள் இல்லாததால் ஒரு வழக்கு மிச்சம்.

ஒழிபு

மேலே அடங்காதவை இங்கே.

மூன்று ரன் பற்றிய தகராறு. 97-இல் நின்றுவிட்டதே என்று வருந்துவோர் ஒரு சாரார். இவர்கள் பெரும்பாலும் பேங்க் உத்தியோகம், கணக்கு முழுசாக வேண்டும். சந்திரா இன்னும் ஒரு ஓவர் தாக்குப்பிடித்திருந்தால் என்று இன்றைக்கும் அவரை நொந்துகொள்வார்கள். நூறாகியிருந்தால் யாருக்கு நினைவிருக்கும், விஸ்வநாத் அடித்த சதம் பதினான்கு இருக்கிறது, பதினைந்தாவதாக எங்காவது போய்க் கலந்திருக்கும் என்போர் மறு சாரார். நம் தீர்ப்பு இரண்டாமவர் பக்கம். சதம் அடித்திருந்தால் அது ராபர்ட்ஸுக்கும் அவருக்கும் நடந்த கணக்காக முடிந்திருக்கும். 97 என்றபடியால் சந்திராவும் கணக்கில் வந்துவிட்டார்.

இன்னொரு கூட்டம் உண்டு. மிகச் சிறிது, திருவாரூர்ப் பக்கம் ஓரிருவர். நேரில் போனவர்கள்தான், மூன்று சோதனையிலும் தேறுவார்கள், கட்டுச்சோறு உள்பட. ஆனால் விஸ்வநாத்தைப் பற்றிக் கேட்டால் கையை வீசி ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் பார்த்தது ராபர்ட்ஸை. முதல் இன்னிங்ஸில் ஏழு, இரண்டாவதில் ஐந்து, மொத்தம் 121 ரன்னுக்குப் பன்னிரண்டு விக்கெட் எடுத்தும் தோற்ற அணியில் நின்ற மனிதனை. முகத்தில் ஒரு சலனம் கிடையாது, ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் ஓட்டத்தில் வித்தியாசம் கிடையாது, ஆனால் வேகம் வேறு வேறு என்று ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். ஊரில் இவர்களோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. இவர்களைக் கண்டோர் இயலில் சேர்க்கலாகாது என்று உரையார் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார்கள். பத்தாயத்தார் மட்டும் நடுநிலை. வழக்கு அடுத்த பொங்கலுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.